பச்சிளம் குழந்தைக்கு மூச்சு நின்றால் டியூபா, மாஸ்க்கா? மலைக்கிராம மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கொடைக்கானல் மலையில் இருக்கும் பேத்துப்பாறை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று அஞ்சுவீடு அருவி. இன்னொன்று, தோட்டங்களுக்குள் வந்துபோகும் காட்டு யானைகள். ஆனால் இப்படிப்பட்ட மலைக்கிராமத்தில் கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டில் வேறொரு கேள்வியும் இருக்கும். ராத்திரியில் குழந்தைக்கு மூச்சு நின்றுபோனால் என்ன செய்வது?

ஊரிலிருந்து முதலில் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கேயும் முடியாத சிகிச்சை என்றால் மலையிறங்கி திண்டுக்கல், தேனி அல்லது மதுரைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் வளைவு, பனிமூட்டம், மழைக்காலத்தில் மண்சரிவு. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் குழந்தை தாங்குவதோ சில நிமிடங்கள்தான்.

இந்த இடத்தில்தான் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் ஒரு முடிவை வேகமாக எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு எதன் வழியாகக் காற்று கொடுப்பது? முகத்தில் மாஸ்க் வைத்தா, தொண்டைக்குள் டியூப் போட்டா, அல்லது இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறு கருவியா? விரிவாகப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு முதலில் நிற்பது இதயமா, மூச்சா?

பெரியவர்களுக்குத் திடீரென உயிராபத்து வரும்போது பெரும்பாலும் முதலில் பிரச்சினை செய்வது இதயம். குழந்தைகளுக்கு அப்படியே தலைகீழ். முதலில் மூச்சு திணறும். ஆக்சிஜன் குறையும். அதன் பிறகுதான் இதயத்துடிப்பு தளர்ந்து நிற்கும். அதனால் குழந்தையைக் காப்பாற்றும் முயற்சியில் மிக முக்கியமான வேலை, நுரையீரலுக்குள் காற்றை அனுப்புவதுதான்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த உதவியே தேவைப்படாது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 85 சதவீதம் தானாகவே அழுது மூச்சு விட்டுவிடும். இன்னொரு 10 சதவீதம், துடைத்து முதுகைத் தடவிவிட்டால் மூச்சு விடத் தொடங்கும். சுமார் 5 சதவீதத்துக்குத்தான் மாஸ்க் மூலம் காற்று கொடுக்க வேண்டி வருகிறது. டியூப் போடும் நிலைக்குப் போவது சுமார் 2 சதவீதம்.

ஆனால் அந்தச் சில குழந்தைகளுக்கு நேரம் மிகக் குறைவு. பிறந்து ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவில்லை என்றால் செயற்கையாகக் காற்று கொடுப்பது தொடங்கியிருக்க வேண்டும். இதைத்தான் மருத்துவர்கள் 'கோல்டன் மினிட்' என்கிறார்கள்.

குழந்தையின் தொண்டையில் என்ன சிக்கல்?

குழந்தை என்பது பெரிய மனிதரின் சின்ன அளவு அல்ல. தொண்டையின் அமைப்பே வேறு.

• உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது. மல்லாக்கப் படுக்க வைத்தால் பின்மண்டை மேடாக இருப்பதால் கழுத்து முன்னால் மடங்கி, மூச்சுப்பாதை அடைபடும்.

• வாய் சின்னது, நாக்கு பெரியது. கொஞ்சம் தளர்ந்தாலே நாக்கு பின்னால் சரிந்து அடைத்துக்கொள்ளும்.

• குரல்வளை, பெரியவர்களைவிட மேலே தள்ளி இருக்கும். அதை மூடும் மடல் நீளமாகவும் தொளதொளவென்றும் இருக்கும். உள்ளே பார்ப்பதே கஷ்டம்.

• பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாயின் நீளம் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர்தான். டியூப் ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் வலது நுரையீரலுக்குள் மட்டும் காற்று போகும். ஒரு சென்டிமீட்டர் மேலே வந்தால் வெளியே வந்துவிடலாம்.

கருவியைத் தேர்வு செய்வது ஏன் இவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும்.

கருவி 1: பையும் மாஸ்க்கும்

ஆஸ்பத்திரியில் 'ஆம்பு பேக்' என்று சொல்வார்கள். கையால் அழுத்தினால் காற்றைத் தள்ளும், விட்டால் தானாக உப்பிக்கொள்ளும் பை. டென்மார்க்கில் 1956-ல் வந்த கருவி. இன்றைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. காரணம், இதற்குக் கரண்ட் வேண்டாம், ஆக்சிஜன் சிலிண்டர்கூடக் கட்டாயம் இல்லை. சுற்றியுள்ள காற்றையே எடுத்துக் கொடுக்கும். அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் இது சாதாரண வசதி அல்ல.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவைப்படும் காற்று 12 முதல் 18 மில்லிலிட்டர்தான். பச்சிளம் குழந்தைக்கான பை சுமார் 250 மில்லி கொள்ளளவு கொண்டது. பெரியவர்களுக்கான பை ஒன்றரை லிட்டர் அளவில் இருக்கும். அதைக் குழந்தைக்கு வைத்து அழுத்தினால் நுரையீரல் கிழிந்துபோகும் ஆபத்து உண்டு.

மாஸ்க்கும் அப்படித்தான். மூக்கு, வாய், தாடை நுனி மூன்றையும் மூட வேண்டும். கண்ணில் படக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு 1-ம் நம்பர், குறைமாதக் குழந்தைக்கு 0 நம்பர் மாஸ்க்.

இதில் உள்ள குறை: ஓரத்தில் காற்று கசியலாம். வயிற்றுக்குள்ளும் காற்று போகும். வெகுநேரம் கொடுக்க வேண்டியிருந்தால் வாய் வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியே விட வேண்டும்.

கருவி 2: டி-பீஸ்

இதுவும் மாஸ்க்கோடுதான் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே சீரான அழுத்தம் கொடுக்கும். குறைமாதக் குழந்தைகளின் மென்மையான நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அழுத்தத்தில் வரும் வாயு இணைப்பு இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. அதனால் டி-பீஸ் இருக்கும் இடத்திலும் பக்கத்தில் ஒரு ஆம்பு பேக் இருந்தே ஆக வேண்டும்.

கருவி 3: டியூப்

'டியூப் போட்டிருக்காங்க' என்று உறவினர்கள் சொல்வது இதைத்தான். லாரிங்கோஸ்கோப் என்ற விளக்கு வைத்த கருவியால் நாக்கை விலக்கி, குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்துவது. குழந்தைகளுக்கு நேரான பிளேடு பயன்படுத்துவது வழக்கம். தொளதொளவென்ற அந்த மடலை நேராகத் தூக்கிப் பிடிக்க அதுதான் வசதி.

பிறந்த குழந்தைக்கு டியூபின் உள்விட்டம் எடையைப் பொறுத்தது:

• 1 கிலோவுக்குக் கீழ்: 2.5 மில்லிமீட்டர்
• 1 முதல் 2 கிலோ: 3 மில்லிமீட்டர்
• 2 கிலோவுக்கு மேல்: 3.5 மில்லிமீட்டர்

எவ்வளவு ஆழம்? எளிய கணக்கு: எடையோடு ஆறைக் கூட்டினால், உதட்டில் நிற்க வேண்டிய சென்டிமீட்டர் அளவு கிடைக்கும். மூன்று கிலோ குழந்தைக்கு 9 சென்டிமீட்டர்.

பிறந்தவுடன் போடும் டியூபில் பெரும்பாலும் பலூன் போன்ற 'கஃப்' இருக்காது. ஆனால் வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு நிலைமை மாறிவிட்டது. கஃப் வைத்தால் மூச்சுக்குழாய் புண்ணாகும் என்று பல வருஷங்களாகப் பயந்தார்கள். 2009-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்யப்பட்ட ஐந்து வயது வரையிலான 2,246 குழந்தைகளை ஒப்பிட்டார்கள். இரண்டு வகைக்கும் பக்கவிளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அளவு பொருந்தாமல் டியூபை மாற்ற வேண்டி வந்தது, கஃப் இல்லாத வகையில் 30.8 சதவீதம், கஃப் உள்ள வகையில் வெறும் 2.1 சதவீதம். அவசர நேரத்தில் டியூபை மீண்டும் மாற்றுவது எவ்வளவு ஆபத்து! அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், குழந்தைகளுக்குக் கஃப் உள்ள டியூபைத் தேர்வு செய்வது நியாயமானது என்றது. கஃப்பில் உள்ள அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

கருவி 4: லாரிஞ்சியல் மாஸ்க்

பலரும் கேள்விப்படாத கருவி இது. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெயின் 1981-ல் உருவாக்கியது. சின்ன மாஸ்க் ஒன்றை வாய் வழியாக உள்ளே தள்ளி, குரல்வளையின் வாசலில் உட்கார வைப்பார்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, லாரிங்கோஸ்கோப் தேவையில்லை. ஜெல் போன்ற மென்மையான பொருளால் ஆன 'ஐ-ஜெல்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பிறந்த குழந்தைக்கு 1-ம் நம்பர். பொதுவாக 2 முதல் 5 கிலோ எடைக்குப் பொருந்தும். தாடை மிகச் சிறியதாக இருக்கும் குழந்தை, நாக்கு பெரியதாக இருக்கும் குழந்தை போன்றோருக்கு மாஸ்க்கும் சரிவராமல் டியூபும் போகாமல் தவிக்கும்போது, இதுதான் உயிரைக் காப்பாற்றும் வழியாக இருக்கலாம்.

மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அதிக அழுத்தம் கொடுத்தால் காற்று கசியும். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் அடைப்பை இதன் வழியாக உறிஞ்சி எடுக்க முடியாது.

சரி, எதைத்தான் தேர்வு செய்வது?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆரம்பம் மாஸ்க்தான். காற்று கொடுத்தும் நெஞ்சு எழும்பவில்லையா? உடனே டியூபுக்குத் தாவக் கூடாது. முதலில் மாஸ்க்கைச் சரியாக வைக்க வேண்டும். தலையின் நிலையைச் சரிசெய்ய வேண்டும். தோளுக்குக் கீழே மடித்த துணி ஒன்று வைத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். அடுத்து வாயையும் மூக்கையும் உறிஞ்சிச் சுத்தம் செய்து, வாயைத் திறந்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகும் பலனில்லை என்றால்தான் டியூப் அல்லது லாரிஞ்சியல் மாஸ்க்.

டியூப் தவிர்க்க முடியாத நேரங்களும் உண்டு. நெஞ்சை அழுத்தும் நிலைக்குப் போகிறது என்றால் அதற்கு முன்பே டியூப் போடுவது நல்லது. உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கும் குழந்தைக்கு மாஸ்க் ஆகாது. குடலுக்குள் காற்று போய் நுரையீரலை இன்னும் நசுக்கும். அங்கே நேராக டியூப்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

'டியூப் போடத் தெரிந்தவர் வந்தால்தான் குழந்தை பிழைக்கும்' என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மூன்று ஆய்வுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வைக்கின்றன.

முதலாவது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மற்றும் ஆரஞ்ச் கவுண்டி பகுதி ஆம்புலன்ஸ்களில் நடந்தது. முடிவுகள் 2000-ல் வெளியாயின. 12 வயது வரையிலான 830 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பையும் மாஸ்க்கும் மட்டும். இன்னொரு பிரிவுக்குத் தேவைப்பட்டால் டியூப். பிழைத்தவர்கள் மாஸ்க் பிரிவில் 30 சதவீதம், டியூப் பிரிவில் 26 சதவீதம். அதாவது, டியூப் போட முயன்றதால் கூடுதல் உயிர்கள் பிழைக்கவில்லை.

இரண்டாவது, உகாண்டா தலைநகர் கம்பாலாவில் நடந்து 2020-ல் வெளியானது. 1,100-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு மருத்துவச்சிகளே ஐ-ஜெல் அல்லது முகமாஸ்க் வைத்தார்கள். மரணம், மூளை பாதிப்பு ஆகியவற்றில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் கையில் ஐ-ஜெல் பாதுகாப்பானது என்பது தெரிந்தது. 2023-ல் அமெரிக்க வழிகாட்டுதல், 34 வாரம் முடிந்து பிறந்த குழந்தைகளுக்கு முகமாஸ்க்குக்குப் பதிலாக இந்த வகைக் கருவியையே முதலில் பயன்படுத்தலாம் என்ற வாய்ப்பையும் திறந்துவிட்டது.

மூன்றாவது, அயர்லாந்தின் டப்ளினில் நடந்து 2024-ல் வெளியானது. டியூப் போட்டே ஆக வேண்டிய பச்சிளம் குழந்தைகளுக்கு, திரையில் பார்த்துக்கொண்டே போடும் வீடியோ லாரிங்கோஸ்கோப் உதவுமா என்று பார்த்தார்கள். முதல் முயற்சியிலேயே வெற்றி, வீடியோ கருவியில் 74 சதவீதம். சாதாரணக் கருவியில் 45 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். பெரிய நகரத்து மகப்பேறு மருத்துவமனையிலேயே, சாதாரணக் கருவியால் முதல் முயற்சியில் டியூப் போடுவது பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் தவறிப்போகிறது. அப்படியானால் வருஷத்துக்கு ஓரிரு முறை மட்டுமே அந்த வேலை செய்ய நேரும் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில்? அங்கே மாஸ்க்கை நன்றாகப் பிடிக்கத் தெரிந்த கைதான் பெரிய மருந்து.

இதற்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டக் கிராமங்களில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் நடத்தும் 'சர்ச்' அமைப்பு, கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளம் குழந்தைக்குக் காற்று கொடுக்கப் பயிற்சி தந்தது. மூச்சுத்திணறலால் குழந்தைகள் இறப்பது அங்கே வெகுவாகக் குறைந்தது. மத்திய அரசும் 2009-ல் தொடங்கிய 'நவஜாத் சிசு சுரக்ஷா' திட்டத்தில், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுத்தரும் அடிப்படைத் திறனே இந்தப் பையும் மாஸ்க்கும்தான்.

டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறதா?

டியூப் தவறுதலாக உணவுக்குழாய்க்குள் போய்விட்டால், கொடுக்கும் காற்றெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். இதைக் கண்டுபிடிக்க மலிவான ஒரு கருவி இருக்கிறது. டியூபின் முனையில் மாட்டும் சின்ன வில்லை. குழந்தை வெளிவிடும் கரியமில வாயு பட்டால் ஊதா நிறம் மஞ்சளாக மாறும். மாறவில்லை என்றால் டியூப் இடம் தவறியிருக்கலாம். இதயம் மிகத் தளர்ந்திருந்தால் டியூப் சரியாக இருந்தும் நிறம் மாறாமல் போகலாம் என்பதையும் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். இதயத்துடிப்பு வேகமாக ஏறத் தொடங்குவதுதான் காற்று போய்ச் சேர்கிறது என்பதற்கான முக்கிய அடையாளம்.

மலைப்பாதையில் என்ன ஆகும்?

கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சமவெளி வரை வளைவுக்கு மேல் வளைவு. ஆடும் வண்டிக்குள் மாஸ்க்கைக் கசியாமல் பிடித்துக்கொண்டே இருப்பது லேசான காரியம் இல்லை. அதனால் நீண்ட பயணம் என்றால், புறப்படும் முன்பே ஆஸ்பத்திரியில் வைத்து நிதானமாக டியூப் போட்டு, நன்றாக ஒட்டி, அளவைக் குறித்துக்கொண்டு கிளம்புவது பாதுகாப்பானது. ஓடும் வண்டியில் முயற்சிப்பது கடைசி வழி.

வழியில் குழந்தையின் நிலை திடீரென மோசமானால் நான்கு விஷயங்களை வரிசையாகப் பார்ப்பார்கள். டியூப் நகர்ந்துவிட்டதா? சளி அடைத்துவிட்டதா? நுரையீரலிலிருந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்துவிட்டதா? கருவியோ சிலிண்டரோ பழுதா? என்ன காரணம் என்று புரியாவிட்டால், டியூபை எடுத்துவிட்டு மறுபடி பையும் மாஸ்க்கும்தான்.

உயரமும் ஒரு வேலை செய்யும். மலை மேல் கஃப்பில் நிரப்பிய காற்று, கீழே இறங்க இறங்கச் சுருங்கும். காற்று கசியத் தொடங்கலாம். அதனால் அடிவாரத்தில் கஃப்பை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கூடவே குளிர். உடல் சில்லிட்டுப்போன குழந்தைக்கு எந்தக் கருவி வைத்தும் முழுப்பலன் கிடைக்காது.

ஆம்புலன்ஸ் வரும் வரை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

• முதலில் 108. போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

• வழியில் அல்லது வீட்டில் பிரசவமாகிவிட்டால், குழந்தையை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தடவிவிடுங்கள். அழுது மூச்சு விட்டால் தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் போர்த்துங்கள். தலைகீழாகத் தூக்கித் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது வேண்டாம்.

• மூச்சு இல்லை என்றால் தலையை நேராக வைத்து, உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊதுங்கள்.

• சில மாதக் குழந்தை அசைவும் மூச்சும் இல்லாமல் கிடந்தால், கெட்டியான இடத்தில் படுக்க வைத்து, நெஞ்சை இரு கைகளால் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் மார்பின் நடு எலும்பைச் சுமார் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும்.

• தொண்டையில் ஏதாவது சிக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். முகம் கீழே பார்க்கப் பிடித்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

பிரசவத் தேதி நெருங்கும்போது மலைக்கிராமக் குடும்பங்கள் கடைசி நேரம் வரை வீட்டில் காத்திருக்காமல், முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுவது நல்லது. குறைமாதம், இரட்டைக் குழந்தை, ஸ்கேனில் ஏதாவது குறை என்று சொல்லியிருந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையிலேயே பிரசவம் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. வயிற்றில் இருக்கும்போது மலையிறங்குவது, டியூபோடு மலையிறங்குவதைவிட எவ்வளவோ மேல். 2011-ல் தொடங்கிய மத்திய அரசின் தாய்-சேய் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளுக்கு இடையே நோயுற்ற பச்சிளம் குழந்தையை அழைத்துச் செல்லும் வாகனம் இலவசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அங்கே தயங்காமல் கேட்கலாம்: 'பிரசவ அறையில் குழந்தைக்கான பையும் மாஸ்க்கும் எல்லா அளவிலும் இருக்கா? பிரசவ நேரத்தில் குழந்தையை மட்டும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பாரா? தேவைப்பட்டால் எந்த ஊருக்கு அனுப்புவீங்க, எந்த வண்டியில்?'

விலை உயர்ந்த கருவி எது என்பதல்ல இங்கே கேள்வி. அந்த நிமிடத்தில் குழந்தை அருகில் நிற்பவருக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறதோ, எதை வைத்தால் அந்தச் சின்ன நெஞ்சு எழும்பி இறங்குகிறதோ, அதுதான் சரியான கருவி.